மஞ்சள் குடைக்காரி

கார்ஸ்டன், அயோவா
1887 ஜனவரி 9

அன்புள்ள அக்கா தர்ஸாவுக்கு,

தங்கை லோவினா எழுதிக்கொண்டது. நானும் ஆரினும் நலம். அவர் இருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. வெர்மான்ட்டில் பனி எப்படி? உன் கண்வலி தேவலையா? பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்.

அக்கா, ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். நேற்று ஆரினுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவரும் இல்லை, பங்குதாரர் ஸ்ட்ரவுட்டும் இல்லை. சுவரில் அவர்கள் கட்டிய கட்டடங்களின் முகப்புப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, கட்டி முடித்தால் இப்படி இருக்கும் என்று வர்ணம் பூசிக் காட்டுவார்களே, அவைதான். ஆரினின் வர்ணக் கைக்குச் சுற்றியுள்ள ஐந்து கவுண்ட்டியிலும் பெயர் உண்டு. பாங்கு, தேவாலயம், பள்ளிக்கூடம், தானிய வியாபாரி வீடு, ஜெயில் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெண் அக்கா! மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். இடுப்பு என்றால் குச்சி. நல்ல காய்ந்த நடைபாதையில் எதற்குப் பாவாடையைத் தூக்க வேண்டும்? நடையைப் பார்த்தாலே தெரிகிறது, திமிர் பிடித்தவள்.

ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன். சிரிக்கிறார். "கட்டடம் எவ்வளவு உசரம்னு தெரிய அளவுக்கு ஒரு ஆள் வேணும் லோவினா. அவ்வளவுதான்" என்றார். அளவுக்கு என்றால் ஒரு கிழவனைப் போடலாமே, ஒரு பன்றியைப் போடலாமே! அந்தத் தானிய வியாபாரி செத்த பிறகு அவர் மனைவி மிஸஸ் வான்ஸ் வீட்டு மாடிப்படியைத் திருத்துகிறேன் என்று கோடை முழுவதும் அங்கே போய் வந்தாரே, அவள்தானோ?

நீ படம் போடத் தெரிந்தவள். உண்மையைச் சொல். ஆள் யாரும் எதிரில் நிற்காமல் ஒரே பெண்ணை இத்தனை தடவை வரைய முடியுமா?

உடனே பதில் போடு.
உன் தங்கை,
லோவினா


ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1887 பிப்ரவரி 13

அன்புத் தங்கை லோவினாவுக்கு,

அக்கா தர்ஸாவின் ஆசிகள். உன் கடிதம் பனியில் மாட்டி மெதுவாக வந்தது. என் கண் பரவாயில்லை. மாடி அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்துக்கொண்டேன், வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆரினின் இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் கொடு.

அசடே, ஜெயிலுக்கு முன்னால் குடையோடு நிற்கிறவளைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய்? எவனாவது காதலியைக் கொண்டுபோய் ஜெயில் வாசலில் நிறுத்துவானா? கட்டடப் படத்தில் ஆள் வைப்பது தொழில் வழக்கம். ஒரு தடவை கைக்குப் பழகிவிட்டால் அதே உருவம் தானாக வரும்.

அவள் திமிர் பிடித்தவள் என்று நீ எழுதியது மட்டும் சரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மிஸஸ் வான்ஸை விட்டுவிடு. உனக்கு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறார், ஆபீஸ் வாசல் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு? மேப்பிள் மரத்தில் இன்னும் பால் இறங்கவில்லை. மேப்பிள் சர்க்கரை காய்ச்சியதும் ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தர்ஸா


கார்ஸ்டன், அயோவா
1887 மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வெங்காயச் சாறு கேட்டது. இருமல் நின்றுவிட்டது.

மிஸஸ் வான்ஸ் இல்லை அக்கா. போன ஞாயிறு தேவாலயத்திலிருந்து அவள் வீடு வரைக்கும் பின்னாலேயே போய்விட்டேன். வா வா என்று உள்ளே கூப்பிட்டு ஊறுகாய் கொடுத்தாள். குடை வைக்கும் இடத்தையும் நோட்டம் விட்டேன். ஊதாக் குடை, கறுப்புக் குடை, அவ்வளவுதான். போதாததற்கு அவள் இடுப்பு என்னுடையதைவிடப் பெரிது. அந்த ஒன்றில் மனசு ஆறியது.

அப்படியென்றால் வேறு யார்? நீ கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். ஆரின் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்தது உன் படங்களைப் பார்க்கத்தான். அந்த நாளில் அவர் வேறு யாரைப் பற்றியாவது உன்னிடம் பேசியிருக்கிறாரா?

இங்கே ஒரே பரபரப்பு. டன்மோர் கவுண்ட்டியில் புதிதாகக் கோர்ட்டு கட்டப் போகிறார்கள். மணிக்கூண்டோடு, கல்லில். யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். ஆனால் படத்தில் பெயர், முத்திரை, கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாதாம். மாட்டும் அன்றைக்குத்தான் குமாஸ்தா நம்பர் ஒட்டுவாராம். யார் படம் என்று தெரியாமல் கவுண்ட்டி சபையின் ஐந்து உறுப்பினர்களும் கை தூக்க வேண்டுமாம். நேர்மையாம்!

ஸ்ட்ரவுட் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே, நான் வைத்த பன்றி இறைச்சியைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டார்: "வேலை புடிக்கிறது பூரா நானு. வர்ணம் ஒண்ணுதான் உன் கையில இருக்கு ஆரின். இந்தக் கோர்ட்டு கெடச்சா நாம சரிபாதி. கெடைக்கலைன்னா பலகையில என் பேரு மட்டும் போதும்னு நெனைக்கிறேன்." ஆரின் உருளைக்கிழங்கை அதே இடத்தில் மசித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஆனால் அந்தக் குடைக்காரி நினைவு வந்ததும் பாவம் போய்விட்டது.

உன் தங்கை,
லோவினா


கார்ஸ்டன், அயோவா
1887 ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய மைத்துனி தர்ஸா அவர்களுக்கு,

ஆரின் லெட்யார்டின் வணக்கம். தங்கள் உடல்நலமும் கண்ணும் சௌக்கியம் என்று நம்புகிறேன். வழக்கம்போல இதை ஆபீசிலிருந்து எழுதுகிறேன்.

தகரக் குழாயில் கோர்ட்டின் முகப்புக் கோடுகளை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். என் கை கோட்டுக்குத்தான் லாயக்கு. தூரிகையைத் தொட்டால் வானம் சேறாகிவிடும் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஸ்ட்ரவுட்டுக்குத் தெரிந்தால் அன்றே என்னை வெளியே தள்ளுவார். லோவினாவுக்குத் தெரிந்தால் என்னை மதிக்கமாட்டாள். ஆகவே இந்தத் தடவையும் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். மஞ்சள் குடையைப் பளிச்சென்று போடுங்கள். சொல்லவே கூசுகிறது. உறுப்பினர்களில் மூன்று பேரிடம் ஸ்ட்ரவுட் ரகசியமாகச் சொல்லி வைத்திருக்கிறார். "எது எங்க படம்னு கொழம்ப வேணாம். மஞ்சக் குடை இருக்கா பாருங்க, கைய தூக்குங்க." எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் யாருக்கு வேண்டும்?

அந்தப் பெண் யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். எனக்குத் தெரியும். நான் கட்டும் ஒவ்வொரு வாசலிலும் நீங்கள் ஒரு ஓரமாக நடந்து போவது எனக்கு ஒரு தைரியம். இதை எழுதியிருக்கக் கூடாது.

தங்கள் பணிவுள்ள,
ஆரின்


ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1887 மே 16

ஆரின் அவர்களுக்கு,

நலம். படம் முடிந்தது, இந்த வண்டியிலேயே வருகிறது. கல்லுக்கு மாலை வெயில் நிறம் கொடுத்திருக்கிறேன். மணிக்கூண்டு நீங்கள் போட்டதைவிட உயரமாகத் தெரியும், பயப்படாதீர்கள். குடை நீங்கள் கேட்டபடி.

லோவினாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவள் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஊர் விதவைகள் பின்னால் அலைகிறாள்.

உங்கள் கடிதத்தைத் தூரிகைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

தர்ஸா


கார்ஸ்டன், அயோவா
1887 ஜூன் 5

என் அருமை அக்காவுக்கு,

நான் பூரண நலம்! ஐந்து மாதமாக இப்படித் தூங்கியதில்லை. மேப்பிள் சர்க்கரை வந்தது. பாதியை நானே தின்றுவிட்டேன்.

கோர்ட்டுப் படத்தை மறுநாள் டன்மோருக்கு அனுப்புவதற்காக ஆரின் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்து வைத்தார். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நானே கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகு பார்த்தால், படிக்கட்டுக்கு நட்ட நடுவில் அவள்! முன்னைவிடப் பெரிதாக! குடை சூரியகாந்திப் பூ மாதிரி எரிகிறது. என் வீட்டில், என் மேஜையில், என் மேஜைவிரிப்பின் மேல் வந்து முதுகைக் காட்டுகிறாள்.

ஆரின் குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போனார். தப்பாகப் போன கோட்டைச் சுரண்ட ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பாரே, அதை எடுத்தேன். குடையைச் சுரண்டினேன், தொப்பியைச் சுரண்டினேன், அந்தக் குச்சி இடுப்பைச் சுரண்டினேன். ஆஹா, என்ன சுகம் அக்கா! காகிதம் கொஞ்சம் மயிர் மயிராக நின்றது. அந்த இடத்தில் பச்சை வர்ணத்தை அப்பி ஒரு லைலாக் பூப்புதரை நட்டுவிட்டேன். நீ சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே புதர்தான், எனக்கு அது ஒன்றுதானே வரும். ஈரம் காய்ந்ததும் நானே சுருட்டிக் குழாயில் போட்டு, "நான் கட்டிட்டேன், நீங்க தூங்குங்க" என்றேன். பாவம், கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

இனி அவள் எந்த வாசலில் நடக்கிறாள் என்று பார்க்கிறேன்.

உன் சந்தோஷமான தங்கை,
லோவினா


கார்ஸ்டன், அயோவா
1887 ஜூலை 3

அக்கா,

போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கோர்ட்டு போய்விட்டது.

பார்க்க வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். படங்களை வரிசையாக மாட்டினார்கள். உறுப்பினர்கள் கிழட்டு விவசாயிகள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படம் படமாக எதையோ தேடினார்கள். எங்கள் படத்துக்கு முன்னால் ஒருவர் நின்றார். "இதென்ன, கோர்ட்டா, கோழிக்கூடா? கதவு ஒசரத்துக்குப் புதர் நிக்குது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆள் இல்லாமல் அளவு தெரியவில்லை அக்கா. அவ்வளவு பெரிய கட்டடத்தை என் புதர் கோழிக்கூடாக்கிவிட்டது.

ஆற்றங்கரை ஊரிலிருந்து யாரோ இரண்டு பேர் அனுப்பிய படத்தில், கோர்ட்டு மூலையில் ஒரு எலுமிச்சைச்சாறு வண்டி. வண்டிக்கு மேலே ஒரு மஞ்சள் குடை. ஒரு கிழவர் இன்னொருவர் விலாவில் இடித்தார். "மஞ்சக் கொடை இருக்குய்யா. பொம்பளையக் காணோமே?" "எங்கயாச்சும் கடைக்குப் போயிருப்பா. தூக்குய்யா கைய!" மூன்று பேரும் தூக்கிவிட்டார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. திரும்பும் வண்டியில் ஸ்ட்ரவுட் கத்தியபோதுதான் புரிந்தது. "குடை எங்கய்யா? உன்னை ஒரு குடை வைக்கச் சொன்னா புதரை நட்டு வச்சிருக்கியே!" ஆரின் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம், "நான்தான் மாத்தினேன். மனசுக்குச் சரியாப் படலை" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாளே பலகையில் லெட்யார்ட் என்ற பெயரை வெள்ளையடித்துவிட்டார்கள். தெருவில் நின்று பார்த்தேன். வெள்ளைக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது.

அப்படிக் காப்பாற்றியவரைப் பார்த்துக்கூட எனக்கு இன்னும் கேட்கத்தான் தோன்றுகிறது, அவள் யார், அவள் யார் என்று. நான் கெட்டவள். பதில் போடு.

லோவினா


ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1887 செப்டம்பர் 4

லோவினாவுக்கு,

நலமாக இருக்கிறேன். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன், அதனால்தான் தாமதம்.

அந்தப் படங்களுக்கு வர்ணம் பூசியது ஆரின் இல்லை. நான். பாங்கு, தேவாலயம், ஜெயில் எல்லாம் நான். அவர் கோடு போட்டு அனுப்புவார், நான் பூசி அனுப்புவேன். உன்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. எனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது, உனக்குப் பங்கு தராமல்.

குடைக்காரி நீதான்.

ஆமாம், நீதான்! குச்சி இடுப்பு என்று திட்டினாயே, அது பத்தொன்பது வயசில் உனக்கு இருந்த இடுப்பு. பாவாடையை ஏன் தூக்குகிறாள் என்று கேட்டாயே, ஏப்ரல் மாதச் சேறு. மறந்துவிட்டாயா? ஆரின் என் படங்களைப் பார்க்க வந்த அன்றைக்கு மூவரும் தேவாலயத்து மேட்டில் ஏறினோம். நீ புது மஞ்சள் குடையோடு அவர் பக்கத்தில் முன்னால் போனாய். நான் ஆப்பிள் பணியாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். மேடு ஏறி முடியும் வரைக்கும் நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் என் படங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

உன் முதுகு எனக்கு மனப்பாடம். முகத்தை வரைய மனசு வரவில்லை. எரிச்சலில்தான் முதல் படத்தில் போட்டேன். எட்டு வருஷமாக உன்னைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது, அதோடு நீ இல்லாமல் வீடும் வெறிச்சென்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் திரும்பத் திரும்ப வரைந்தேன்.

நீ விட்டுப்போன குடை இங்கே கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. தன் முதுகைத் தானே அடையாளம் தெரியாமல் சுரண்டியவளை உலகத்தில் நான் இப்போதுதான் பார்க்கிறேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

தர்ஸா


கார்ஸ்டன், அயோவா
1887 செப்டம்பர் 25

அக்காவுக்கு,

நலம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், ஒளிக்கவில்லை. எல்லா வாசலிலும் நான்! ஜெயில் வாசலிலும் நான்! ஓடிப்போய் ஆரினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் சுரண்டியது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, மாட்டிய படத்தில் லைலாக் புதரைப் பார்த்ததுமே. "நீ பொறாமைப்பட்டியா? என்னை வச்சா?" என்று கேட்டார். அத்தனை நஷ்டத்திலும் முகத்தில் ஒரு பெருமை. வர்ணம் நீ பூசியது என்று ஒத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? "அந்தக் குடைக்காரி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். நான்தான் என்று அவர் வாயால் கேட்க ஆசை.

"தெரியாம என்ன? உங்க அக்காதான்" என்றார். "தன்னையே ஓரமா வரைஞ்சுக்குவாங்க. கேட்டா சங்கடப்படுவாங்கன்னு நான் கண்டுக்கலை. அந்த நடை வேற யாருக்கு வரும்?"

இந்த எட்டு வருஷமும் என் முதுகைப் பார்த்து அவர் உன்னை நினைத்திருக்கிறார் அக்கா.

அது நான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் "நீயா?" என்பார். ஒரு தடவை என் இடுப்பைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையை என்னால் தாங்க முடியாது. பாத்திரம் துலக்கப் போய்விட்டேன்.

அவர் தனியாக ஆபீஸ் போட்டுவிட்டார், எங்கள் வீட்டு முன்னறையில். அடுத்த கவுண்ட்டியில் ஒரு நூலகம் கட்டுகிறார்களாம். கோடுகளை இந்தத் தடவை என் கையாலேயே குழாயில் போட்டு அனுப்புகிறேன். வர்ணம் தர்ஸா என்று உன் பெயரைக் கீழே எழுதச் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார். எனக்கு ஒன்று செய். குடைக்காரியைப் போடு. ஆனால் அவளைத் திருப்பு. முகம் இந்தப் பக்கம் தெரிய வேண்டும். இன்றைக்கு இருக்கிற முகம், இன்றைக்கு இருக்கிற இடுப்பு. தாடை மச்சத்தை மறந்துவிடாதே.

லோவினா


ஈஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
1887 அக்டோபர் 30

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். முகம் உன்னுடையது, மச்சம் உட்பட. போன வருஷம் நீ அனுப்பிய புகைப்படத்தை வைத்து வரைந்தேன். இடுப்பில் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறேன்.

அவர் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வசந்தத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. அந்தத் தப்பில் கொஞ்சம் குளிர் காய்ந்தேன். வீடு, ஆபீஸ், அவர் எல்லாம் உன்னிடம். அதை மட்டும் என்னிடம் விட்டுவிடு.

குழாயை அவர் திறக்கும்போது பக்கத்தில் நில். படத்தைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பார்.

தர்ஸா


கார்ஸ்டன், அயோவா
1887 நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்குக் குளிருக்குக் கம்பளிக் கையுறை பின்னி வைத்திருக்கிறேன், தனியாக வரும்.

நீ சொன்னபடியே நின்றேன். அவர் விரித்தார், நான்கு மூலையிலும் மைப்புட்டி வைத்தார், குனிந்தார். முதலில் கட்டடத்தைத்தான் பார்த்தார், அது தெரிந்ததுதானே. பிறகு படிக்கட்டுக்கு வந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். "லோவினா! இது நீ! மச்சம்கூட இருக்கு!" என்று கத்தினார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அழுதுவிட்டேன் அக்கா. இதற்குத்தானே இத்தனை நாள் அடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் மறுபடியும் குனிந்தார். விரலைக் காகிதத்தில் படாமல் ஓட்டிக்கொண்டே போனார். மரத்தடி, குதிரைவண்டிக்குப் பின்னால், மேல்மாடி ஜன்னல்கள். என்ன தேடுகிறீர்கள் என்றேன்.

"உங்க அக்கா எங்க?" என்றார்.

அவருக்குத் தான் கேட்டது என்னவென்றே தெரியவில்லை. கத்தி மேஜையில்தான் இருந்தது. ஆனால் எதைச் சுரண்டுவது? நீதான் அதில் எங்குமே இல்லையே. அவர் தூங்கிய பிறகு நானும் விளக்கை வைத்துக்கொண்டு தேடினேன். எத்தனை படம் போட்டாய், ஒன்றிலும் உன்னை நீ போட்டுக்கொள்ளவில்லையா?

வசந்தத்தில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. அதில் உன்னையும் போடு. முகம் தெரியும்படி போடு. பணியாரக் கூடை உன் கையில் வேண்டாம், அதை என்னிடம் கொடுத்துவிடு, நான் தூக்கிக்கொள்கிறேன். மஞ்சள் குடையை வேண்டுமானால் நீயே பிடித்துக்கொள்.

ஆனால் எனக்கு இரண்டடி பின்னாலேயே நில். அவர் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும்.

உன் தங்கை,
லோவினா